வேலூரில் ஒரு தாதா

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை. ஐந்தாவதாக அந்த ஊர்ப் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்வார்கள். அது சுத்தப் பொய் என்பதால் இங்கே எழுதவில்லை.

மற்ற நாலில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் பல நூறு வருஷம் பூஜை இல்லாமல் கிடந்தது வாஸ்தவம். 1981-ல் லிங்கத்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். ஆக, சாமி வந்துவிட்டார். பாலாற்றில், நான் பார்த்த வருஷம், மணலும் வேலிகாத்தானும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இதெல்லாம் டூரிஸ்ட் வேலூர். எனக்குத் தெரிந்த வேலூர் அரை கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கம் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. எதிரே காந்தி ரோடு, பாபுராவ் தெரு, இன்னும் பெயர் தெரியாத ஏழெட்டு சந்துகள். 2017 பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை நானும் என் மனைவியும் அங்கேதான் குடித்தனம். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனிக்குடித்தனம் நடத்தியது அந்த எட்டு மாசம்தான். ஹனிமூனுக்குக்கூட கொடைக்கானலில் மூன்று நாள் இருந்துவிட்டு, மழையென்று திரும்பிவிட்டோம்.

நம் பக்கத்தில், "வேலூருக்குக் கொண்டு போயிட்டாங்களாம்" என்று யாராவது சொன்னால் கேட்பவர் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார். திருச்சி டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கே வேலூர் கிளம்பிடுங்க" என்றபோது என் மனைவி, "நாளைக்குப் போகக் கூடாதா டாக்டர்? இட்லிக்கு அரைச்சு வெச்சிருக்கேன்" என்றாள். அக்யூட் மைலாய்டு லுகேமியா. ரத்தப் புற்றுநோய். அவளுக்கு வயசு 33. பையன் மூன்றாம் வகுப்பு. அவனையும் அந்த இட்லி மாவையும் என் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு அன்று ராத்திரியே பஸ் ஏறினோம்.

விடிகாலையில் ஆஸ்பத்திரி எதிரே இறங்கியதும் எனக்கு முதல் சந்தேகம், ராத்திரி தூக்கத்தில் கல்கத்தாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேனா என்பது. போர்டெல்லாம் வங்காளி. லாட்ஜ் போர்டு, மருந்துக்கடை போர்டு, ஃபோட்டோஸ்டாட் கடை போர்டு, எல்லாம். மளிகைக்கடை வாசலில் கடுகெண்ணெய் டின், பொரி மூட்டை. மீன் கடையில் ஆற்று மீன். ஆட்டோக்காரர் ஒருவர் நாலு பேருடன் சரளமாக வங்காளியில் பேரம் பேசிவிட்டு, எங்களைப் பார்த்ததும், "தமிழா? எங்க சார் போகணும்?" என்றார், ஏதோ அபூர்வமான ஜந்துவைப் பார்த்ததுபோல.

மேற்கு வங்காளம், திரிபுரா, அஸ்ஸாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். இரண்டு ராத்திரி ரயில். ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவருக்கு ஸ்லீப்பரிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் ரயில்வே கட்டணமே வாங்காது. கூடப் போகிறவருக்கும் பெரிய சலுகை உண்டு. டாக்டரிடம் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

லாட்ஜ் என்றால் நீங்கள் நினைக்கிற லாட்ஜ் இல்லை. ரூமோடு ஒரு சமையல் மேடை. ஒற்றை பர்னர் ஸ்டவ், குட்டி சிலிண்டர், குடம், பாய் எல்லாம் வாடகைக்கு. மேனேஜர் ஒரு நோட்டில் "கரண்டி 2" என்று வரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். என் ஆபீஸில் கம்ப்யூட்டர் கொடுக்கும்போதுகூட இவ்வளவு கறாராகக் கையெழுத்து வாங்கவில்லை.

எங்கள் பக்கத்து ரூமில் பர்த்வானிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் மனைவிக்கும் இதே வியாதி. முதல் நாள் மாடிப்படியில் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "நொமஷ்கார் தாதா!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வங்காளியில் தாதா என்றால் அண்ணன் என்று எனக்கு என்ன தெரியும்? தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவன். ரூமுக்குள் வந்து சொன்னதும் என் மனைவி படுத்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இருவது வருஷமா டெஸ்பாட்ச் செக்ஷன்ல தபால் ஒட்டறீங்க. உங்களைப் பார்த்தா தாதா?" என்றாள். பத்து வருஷம்தான் ஆகிறது. அவளுக்கு எப்போதும் ரவுண்டாகப் பெருக்கிச் சொல்லித்தான் பழக்கம்.

அவரிடம் நான் கற்றுக்கொண்ட வங்காளி ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "கோதோ?" என்றால் எவ்வளவு. "பாலோ?" என்றால் நல்லாயிருக்கா. ஜோல் என்றால் தண்ணீர். ஜோல் என்றால் குழம்பும்தான். அவர்கள் உச்சரிப்பில் வித்தியாசம் இருக்கிறதாம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, என் வாயிலும் ஒன்று. நடுராத்திரி அவசரத்துக்குக் குடிக்க ஜோல் கேட்டுப் போய், மீன் குழம்போடு திரும்பி வந்திருக்கிறேன்.

முதல் கட்டம், கீமோதெரபி. ஏழு நாள் ஒரு மருந்து, அதில் மூன்று நாள் கூடவே இன்னொரு மருந்து. அந்த இரண்டாவது மருந்து ரோஸ்மில்க் கலரில் குழாயில் இறங்கும். என் மனைவி அதற்கப்புறம் ரோஸ்மில்க்கைத் தொட்டதில்லை. மருந்து கெட்ட செல்லையும் கொல்லும், நல்ல செல்லையும் கொல்லும். பிறகு நல்லது மறுபடி முளைக்கிறதா என்று மூன்று நாலு வாரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வாரங்களில்தான் ஆபத்து. உடம்பில் எதிர்ப்புச் சக்தி சுத்தமாக இருக்காது. ஜுரம் 100.4 தாண்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும் கேள்வி கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நாங்கள் மூன்று தடவை ஓடினோம்.

இந்தப் பேட்டையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "கவுன்ட் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். டீக்கடையில், மருந்துக்கடை க்யூவில், துணி காயப்போடும் மொட்டை மாடியில், எங்கேயும் அதே பேச்சு. வெள்ளை அணு சாதாரணமாக 4,000-க்கு மேல் இருக்க வேண்டும். பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல். என் மனைவிக்கு ஒரு நாள் வெள்ளை அணு 200, பிளேட்லெட் 8,000. அந்த வருஷம் ஐ.பி.எல்.லில் சென்னை சூப்பர் கிங்ஸ் இல்லை, தடையில் இருந்தார்கள். அதனால் எங்களுக்கு ஃபாலோ பண்ண இந்த ஒரு ஸ்கோர்தான். சாயந்திரம் ரிப்போர்ட் வந்ததும் ஆபீஸ் சிநேகிதர்களுக்கு எஸ்.எம்.எஸ். "200 ஃபார் நோ லாஸ்" என்று ஒரு நாள் அனுப்பினேன். செக்ஷன் சூப்பரின்டெண்ட் அதைப் புரிந்துகொள்ளாமல் வாழ்த்து அனுப்பியிருந்தார்.

பிளேட்லெட் விஷயம் வேறு மாதிரி. ரத்தம் ஒரு மாசத்துக்கு மேல் ஃப்ரிட்ஜில் தாங்கும். பிளேட்லெட் ஐந்தே நாள்தான், அதுவும் ஃப்ரிட்ஜில் வைக்காமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தூளியில் போட்ட குழந்தை மாதிரி. அதனால் எப்போதும் புதுசாக ஆள் வேண்டும். வெளியூரில் யாரைப் போய்க் கேட்பது? என் மனைவி பி பாசிட்டிவ், நான் ஏ பாசிட்டிவ். பர்த்வான் தாதா பி பாசிட்டிவ், அவர் மனைவி ஏ பாசிட்டிவ். இந்தக் கணக்கு ஒரு நாள் மாடிப்படியில் நின்று பேசும்போது வெளியே வந்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை அவர் என் மனைவிக்குக் கொடுத்தார், அடுத்த நாள் நான் அவர் மனைவிக்குக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். ரத்தத்தை வாங்கி, பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. என் பேங்க்கைவிட யோக்கியமான மெஷின்.

மற்ற நாட்களில் காலேஜ் பையன்கள் வந்தார்கள். எக்ஸாமுக்கு நடுவில், டவுன் பஸ் பிடித்து. பேர் கேட்டால் சொல்வார்கள், நமக்குத்தான் அடுத்த நாள் மறந்துவிடும்.

தலைமுடி இரண்டாவது வாரம் கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. ஒரு நாள் தலையணையைப் பார்த்துவிட்டு, "ஆளைக் கூப்பிடுங்க, சுத்தமா எடுத்துடலாம்" என்றாள். எடுத்தாயிற்று. டிஸ்சார்ஜாகி ரூமுக்கு வந்தபோது தெருவில் எல்லாரும் பார்ப்பார்களோ என்று துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு நடந்தாள். பத்தடியில் அதை எடுத்துவிட்டாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருப்பதி பக்கம். மொட்டை போட்டுக்கொண்டு ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்கு வருகிறவர்கள் பாதிப் பேர், கீமோவில் முடி போனவர்கள் மீதிப் பேர். மொட்டைத் தலைக்கு இத்தனை மரியாதை தருகிற ஊர் வேறு இல்லை. பையன் மட்டும் தினம் ராத்திரி எட்டு மணிக்கு ஃபோனில், "அம்மாவுக்கு முளைச்சிடுச்சா?" என்று கேட்பான். ஏதோ வெண்டைக்காய் விதையைப் பற்றிக் கேட்பதுபோல.

சமையல் என் டிபார்ட்மென்ட். வெளிச்சாப்பாடு கூடாது. எல்லாம் குக்கரில் வெந்திருக்க வேண்டும். தண்ணீர் காய்ச்சினது. பச்சையாக எதுவும் ஆகாது. சட்னி கிடையாது. ரசத்தின் மேல் கொத்துமல்லி கிள்ளிப் போடக்கூடாது, போட்டால் அதையும் கொதிக்க வைக்க வேண்டும். தயிர் கூடாது என்றதும்தான் அவள் முகம் மாறியது. வியாதி பேரைச் சொன்னபோதுகூட அப்படி மாறவில்லை. திருச்சிக்காரிக்குத் தயிர்சாதம் இல்லையென்றால் எப்படி? மல்லிகைப்பூவும் கூடாது, பூவிலும் கிருமி இருக்கிறதாம். "வைக்கத் தலையில என்ன இருக்கு?" என்றாள்.

நான் கல்யாணத்துக்கு முன்னால் வெந்நீர் போடுவேன். அவ்வளவுதான். அவள் கட்டிலில் படுத்தபடி டைரக்ஷன் கொடுக்க, நான் கடுகு தாளித்தேன். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் என்று ஒன்று அங்கே பிரசித்தம், காம்பில் நிஜமாகவே முள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கொடுத்துவிட்டார்கள். முதல் தடவை அதை நறுக்கிவிட்டு விரலில் ரத்தத்தோடு வந்து நின்றேன். "வீணாக்காதீங்க, எனக்கு ஏத்தச் சொல்லுங்க" என்றாள். மே மாசம், அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த ரூமில், ஸ்டவ்வுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றால் வெந்தது நானா கத்தரிக்காயா என்று சொல்வது கஷ்டம்.

இப்படி ஒரு ரவுண்டு முடிந்து எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். வியாதி அடங்கியிருந்தது. சந்தோஷத்தில் டாக்டரிடம், "அப்ப ஊருக்குப் போலாமா?" என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டர்கள் நாற்காலியை முன்னால் இழுத்தால் செலவு என்று அர்த்தம். அடங்கியது திரும்ப வரும் வகை இவளுடையது. திரும்பி வருவதற்குள் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துவிட வேண்டும். அதுவரை அடக்கி வைக்க இன்னும் இரண்டு ரவுண்டு கீமோ.

பி.எஃப்.பில் அட்வான்ஸ், அவள் நகை, என் அப்பா வாங்கிப் போட்டிருந்த ஒரு மனை. இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. மனையை வாங்கியவர் நல்ல மனிதர், பேரம் பேசவில்லை.

யாருடைய மஜ்ஜை? நான் முதல் ஆளாகக் கையை நீட்டினேன். டாக்டர் சிரித்தார். "சொந்தத்துல கட்டினீங்களா?" என்றார். இல்லை, அசல். "அப்ப உங்களுக்கு சான்ஸ் ரொம்பக் கம்மி. கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி வருவதால், கூடப் பிறந்த ஒருவருக்கு முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பார்க்கிற பொருத்தங்கள் பத்து. ஆமாம் ஸார், நம் ஜோசியர் பார்க்கிற அதே பத்து. எங்கள் கல்யாணத்தில் எட்டுப் பொருத்தம் என்று சொல்லி என் மாமியார் ஆறு மாசம் யோசித்தார். இங்கே அவள் அக்காவுக்குப் பாதிதான் பொருந்தியது. தம்பிக்குப் பத்துக்குப் பத்து.

தம்பி, அதாவது என் மச்சான், ஆறடி உயரம், பவர் லிஃப்டிங் பண்ணுகிற ஆள். ஆனால் ஊசி என்றால் ஆகாது. ஸ்கூலில் தடுப்பூசி போட வந்தபோது காம்பவுண்டு ஏறிக் குதித்துக் காவிரிக்கரை வரை ஓடியதாக வரலாறு. அவன் மறுபேச்சுப் பேசவில்லை. "எப்ப வரணும் மாமா?" என்று மட்டும் கேட்டான். சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவனுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், முதுகெலும்பை எடுக்கிறார்கள், பையன் படுத்துவிடுவான், வம்சம் விளங்காது என்று. ஊரில் இந்த மாதிரிச் சொல்வதற்கென்றே ஒருவர் இருப்பார்.

பெரியவர் நேராக வேலூருக்கே வந்துவிட்டார், மஞ்சள் பையோடு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் வேண்டாம் என்றால் தம்பி கேட்க மாட்டான், தெரியும். ஆனால் கல்யாணம் நிற்கும். அக்காவால் தம்பி கல்யாணம் நின்றது என்று தெரிந்தால் என் மனைவி ட்ரீட்மென்ட்டே வேண்டாம் என்பாள். அதுவும் தெரியும்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். எலும்பை எடுப்பதில்லை. ஐந்து நாள் ஒரு ஊசி போட்டால், மஜ்ஜையிலிருக்கிற ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு இறங்கி வரும். பிளேட்லெட் எடுப்பதுபோல மெஷினில் நாலு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். உடம்பு வலி கொஞ்சம் இருக்கும். கொடுத்தது சில வாரத்தில் ஊறிவிடும், கிணறு மாதிரி. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கிணறுன்னீங்களே, எங்க பக்கம் கிணறெல்லாம் வத்திப் போச்சுங்களே" என்றார். நியாயமான கேள்வி. அந்த வருஷம் அப்படிப்பட்ட பஞ்சம்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் செல்ஃபோனில் மகளைக் கூப்பிட்டுப் பேசினார். பெண் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் "சரிம்மா... சரிம்மா... இல்லம்மா, நான் அப்படிச் சொல்லல..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இங்க நல்ல காபி எங்க கிடைக்கும்?" என்றார். சாயந்திரம் ரூமுக்கு வந்து, வாசலிலேயே நின்று, பையிலிருந்த மாம்பழத்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

அங்கே காத்திருக்கும்போது கேட்ட ஒரு கதை. 1890-களின் தொடக்கத்தில், ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் திண்டிவனத்துக்குத் தன் பெற்றோரிடம் வந்திருந்தாள். தங்குகிற உத்தேசமே இல்லை. ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, வாசலில் வந்து நின்றார்கள். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். அவள் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம், நீ வா என்றார்கள். அவளுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். அவள் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு கட்டிலில் ஆரம்பித்ததுதான் இந்த ஆஸ்பத்திரி. எல்லாரும் ஐடாவைப் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். எனக்கென்னவோ அந்த மூன்று புருஷன்களைப் பற்றித்தான் நினைப்பு ஓடும். டாக்டர் வீட்டு வாசல் வரை போய்விட்டு, தனியாகத் திரும்பி நடந்தார்களே, அந்த இருட்டு வழியெல்லாம் என்ன யோசித்திருப்பார்கள்?

மஜ்ஜை மாற்றுக்கு வழி கண்டு 1990-ல் நோபல் பரிசு வாங்கியவர் டோனல் தாமஸ். அவரோடு அந்த வேலை முழுக்கக் கூடவே செய்தவர் அவர் மனைவி டாட்டி. அந்தத் துறையில் அந்த அம்மாவை மஜ்ஜை மாற்று சிகிச்சையின் தாய் என்றே சொல்வார்களாம். என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "ப்ரைஸ்ல பாதி வாங்கினாங்களா?" என்றாள். பரிசு அவருக்கும் இன்னொரு டாக்டருக்கும்தான் பிரித்துக் கொடுக்கப்பட்டது. "அதானே பார்த்தேன்."

பர்த்வான் தாதாவின் மனைவிக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. மகளுக்குப் பாதி பொருத்தம். அதை வைத்தும் செய்ய முடியும் என்று சொல்லி, தேதிகூடப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வியாதி திரும்பிவிட்டது. வியாதி அடங்கியிருக்கும்போதுதான் மாற்று செய்ய முடியும். மறுபடி கீமோ. அது கேட்கவில்லை. ஜூன் கடைசியில் ஒரு நாள் சாயந்திரம் நானும் அவரும் கோட்டை அகழியைச் சுற்றி நடந்தோம். வழக்கமாக நடப்போம், பெண்கள் தூங்குகிற நேரத்தில். அவர் சரித்திர வாத்தியார். திப்பு சுல்தானின் பிள்ளைகளை இங்கேதான் வைத்திருந்தார்கள், 1806 ஜூலை பத்தாம் தேதி சிப்பாய்கள் இங்கேதான் எழுந்தார்கள், பாரக்பூருக்கும் மீரட்டுக்கும் அரை நூற்றாண்டு முன்னால் என்று எனக்கே என் ஊர்ச் சரித்திரத்தை உடைந்த ஹிந்தியில் சொல்வார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பரசோம் கி டிக்கெட்" என்றார். நாளன்றைக்கு ரயில்.

காட்பாடியில் ஏற்றிவிட்டேன். அந்த அம்மாள் ஜன்னலோரம் படுத்தபடி என் மனைவியிடம் சொல்லச் சொல்லி ஏதோ சொன்னாள். வங்காளி. எனக்குத் தெரிந்தது "பாலோ" மட்டும். தாதா தன் பிரஷர் குக்கரை எங்களிடம் விட்டுவிட்டார். வாடகைக் குக்கரில் கேஸ்கெட் சரியில்லை என்று அவர் காசு போட்டு வாங்கியது.

ஜூலை முதல் வாரத்தில் என் மனைவியை மாற்று அறைக்கு எடுத்துக்கொண்டார்கள். (அந்தப் பிரிவு 2022-ல் ராணிப்பேட்டையில் புதிய வளாகத்துக்குப் போய்விட்டது. இப்போது போகிறவர்கள் அங்கேதான் போக வேண்டும்.) வடிகட்டின காற்று, கண்ணாடி, முகமூடி. முதலில் பழைய மஜ்ஜையை மருந்தால் துடைத்து எடுக்கிறார்கள். மைனஸ் ஆறு, மைனஸ் ஐந்து என்று நாளைத் தலைகீழாக எண்ணுவார்கள், ராக்கெட் விடுவதுபோல. அந்த நாட்களைப் பற்றி அவள் இன்றைக்கும் பேச மாட்டாள். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியாது. எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவ வேண்டாம், தாளிக்க வேண்டாம். கைகளை மட்டும் கழுவிக் கழுவித் தோல் உரிந்தது.

மச்சான் ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு முருகா என்று வார்டே அதிரக் கத்தினான். நர்ஸ் நாலாவது நாள், "இன்னிக்கு முருகன் லீவு, சும்மா இருங்க" என்றாள்.

டே ஜீரோ. நான் ஏதோ பெரிய ஆபரேஷன், சிவப்பு லைட், டாக்டர்கள் ஓட்டம் என்றெல்லாம் கற்பனை செய்திருந்தேன். ஒரு சின்னப் பை வந்தது. தக்காளி ரசம் கலர். சாதாரண டிரிப் மாதிரி மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் முடிந்தது. ஐந்து மாசம் காத்திருந்தது இதற்கா என்று இருந்தது. அவள் கண்ணைத் திறந்து, "அவ்ளோதானா?" என்றாள். "அவ்ளோதான்." "காசு திருப்பித் தருவாங்களா கேளுங்க" என்றாள். வாய்ப்புண்ணோடு அதைச் சொல்ல அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

பதினைந்தாவது நாள் வெள்ளை அணு 600. பதினேழில் 1,400. தம்பியின் செல்கள் குடி வந்துவிட்டன என்று அர்த்தம். அதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் தெரியுமா? தம்பி ஆண் என்பதால், அவள் ரத்தத்தை மட்டும் எடுத்துச் சோதித்தால் ஆண் என்று காட்டும். "இனிமே வீட்ல ரெண்டு ஆம்பளை. பார்த்துப் பேசுங்க" என்றாள். ரத்த குரூப்பும் மாறிவிட்டது. பி பாசிட்டிவாக இருந்தவள் மச்சானைப் போல ஓ பாசிட்டிவ் ஆகிவிட்டாள். 2019-ல் டிரைவிங் லைசென்ஸ் ஃபாரத்தில், ரத்த குரூப் என்ற இடத்தில் அவள் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்ததைப் பார்த்து அந்த குமாஸ்தா, "என்னம்மா, சொந்த குரூப் தெரியாதா?" என்று கேட்டார்.

தம்பி முழுசாகப் பொருந்தியதால் நாலில் ஒன்று என்ற கணக்கில் பிழைத்தாள். அப்படிப் பொருந்துகிற தம்பி இல்லாதவர்களுக்கு வெளி ஆளும் ஒரு வழி. 2009-லிருந்து சென்னையில் தாத்ரி என்று ஓர் அமைப்பு இதற்காகவே பெயர்களைப் பதிவு செய்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும், ஊசிகூட இல்லை. மச்சான் மாதிரி ஆட்களும் தாராளமாகப் போகலாம்.

ஜூலை கடைசியில் தாதா ஃபோன் செய்தார். அவர் மனைவி போய் எட்டு நாள் ஆகியிருந்தது. அதைச் சொல்லிவிட்டு, "உங்க வீட்ல கவுன்ட் எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "பாலோ, பாலோ" என்றார். அவளிடம் நான் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அவளாகவே, "தீதி இல்லதானே?" என்றாள்.

மாற்று முடிந்து நூறு நாள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆவணியில் மச்சான் கல்யாணத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தோம். அவள் ரூமிலேயே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மொட்டைத் தலையோடு, செல்ஃபோனைப் பார்த்து அட்சதை போட்டாள். நான்தான் பெருக்கினேன்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ஊருக்குப் போகலாம் என்றார்கள். மேனேஜர் நோட்டைப் பிரித்துக் "கரண்டி 2" என்பதில் டிக் அடித்தார். படியிறங்கும்போது எதிரே ஓர் இளைஞன், அகர்தலாக்காரன், கையில் வாடகை ஸ்டவ், பின்னால் முகமூடியோடு அவன் மனைவி, சின்னப் பெண். என்னைப் பார்த்து, "தாதா, எக்கானே குக்கர் கோதோ?" என்றான். இங்கே குக்கர் என்ன விலை. பையிலிருந்து குக்கரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பைசா வேண்டாம் என்று கையை ஆட்டினேன். கேஸ்கெட் புதுசு, அரிசிக்கு இரண்டு விசில் போதும், மூன்று வைத்தால் குழைந்துவிடும் என்பதை எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் சொன்னேன். ஆட்டோக்காரர் கீழேயிருந்து ஹாரன் அடித்தார்.